அவரை நான்தான் தூக்குவேன்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் என் வீட்டுக்காரரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பின் வலது பக்கத்தில் ஆரம்பித்த வலி, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலைச் சுற்றிக்கொண்டு, கணுக்காலில் போய் உட்கார்ந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு இழுத்த மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் என் தோளுக்குப் பின்னால் இருந்தது. நல்லவேளை, என் முகம் அவருக்குத் தெரியாது.

"என்ன, மூச்சு நின்னுபோச்சு?" என்றார்.

"நீங்க கனத்துட்டீங்க."

"உக்கார வச்சு சோறு போட்டா கனக்காம என்ன பண்ணும்?"

பேச்சு இப்போது நன்றாகவே வருகிறது. பக்கவாதம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலது கையும் வலது காலும்தான் இன்னும் அவர் சொன்னதைக் கேட்பதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நின்றால் வாசல் நிலை தலையில் இடிக்கும். நான் அவர் தோளுக்குத்தான் வருவேன். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் அவரை என்னைத் தவிர வேறு யாரும் தூக்கியதில்லை. அணைத்துப் பிடி, முட்டியால் முட்டுக்கொடு, பின்னால் சாய், திரும்பு, இறக்கு. நர்ஸ் ஒரு தடவைதான் காட்டினாள். இரண்டாவது தடவை நான் அவளுக்குக் காட்டினேன்.

இது எனக்கு ஒரு திமிர்தான். இருக்கட்டும். இந்த வீட்டில் திமிராவது குறைவில்லாமல் இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

தும்மினேன். இனிமேல் தும்மல் வந்தால் முதலில் சுவரைப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

காலை வகுப்புகள் மட்டும் எடுக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் ஓனர் அதற்கு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். நான் வீடு திரும்பும்வரை என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் டிவியோடும் போனோடும் இருப்பார். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் மனைவி நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

எவ்வளவோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் ஓனர் என்னிடம்தான் தள்ளிவிடுவார். "அக்காகிட்ட அனுப்பு, அக்கா பேச்சுக்கு வண்டியே பயப்படும்." என் பக்கத்தில் ஒரு பிரேக் இருக்கிறது, அதில் கால் இருக்கும்வரை எனக்கு எந்தத் தெருவும் பயமில்லை.

இப்போது பயமெல்லாம் அந்த சீட்டைப் பார்த்துத்தான். உட்கார்ந்தால் கால் மணி நேரம் தாங்குவதில்லை. இடது பக்கமாகச் சாய்ந்து, ஒரு தலையணையை அடியில் திணித்து, ஏதோ குழந்தையை மறைத்து வைத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு வந்தது பல் டாக்டர் அம்மா. ரவுண்டானாவைச் சுற்றி முடித்ததும் கேட்டாள்: "மேடம், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"ஏன், நல்லாத்தானே ஓட்டறீங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்தா என் நாற்காலில உக்காந்திருக்கற பேஷண்ட் மாதிரி இருக்கே."

சொல்ல வேண்டியதாகிவிட்டது. வலி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டுவிட்டு, "இது சயாட்டிக்கா மாதிரி இருக்கு, கால் நரம்பு வலி, டாக்டரைப் பாருங்க" என்றாள். பெயர் தெரிந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, தூரத்து ரயில் நிலையம் ஒன்றின் பெயர் மாதிரி.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். சொல்லாமல் வந்தாள். நான் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிப் போட்டிருந்தேன். அப்படிப் படுத்தால் அந்தக் கம்பி கொஞ்சம் ஆறும். கண்களை மூடியிருந்தேன். அவள் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் அவர் டிவியையே நிறுத்திவிட்டார்.

"செத்துட்டியோன்னு நினைச்சேன்மா."

"செத்தா அடுப்பை அணைச்சிட்டுத்தான் சாவேன். பாரு, அணைச்சிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பாவை நீ பாத்துக்கறே. உன்னை யாரு பாத்துக்கறா? ஒரு நல்ல இல்லம் இருக்கும்மா. என் வீட்டுக்குப் பக்கத்துலயே. நர்ஸ் இருக்காங்க. அவரைத் தூக்கறதுக்கு ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க. நானும் தினமும் போய்ப் பாப்பேன்."

"என் வீட்டுக்காரரை நான்தான் தூக்குவேன்."

"இப்ப உன்னையே தூக்க ஆள் வேணும்."

அது உண்மைதான். தரையிலிருந்து எழ அவள் கையைத்தான் பிடித்தேன். ஆனால் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் என் பெண்தானே, அவளும் விடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "யோசிச்சுப் பாரும்மா" என்றாள்.

அவள் போன பிறகு உள்ளே போனேன். டிவி இன்னும் நின்றேதான் இருந்தது. "அந்த இல்லத்துல ஜன்னல் இருக்குமா?" என்று கேட்டார்.

"நீங்க எந்த இல்லத்துக்கும் போகலை" என்றேன். டிவியைப் போட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஸ்கேன் படம். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை ஒன்று பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். டாக்டர் விரலால் காட்டினார். ஒரு சின்னக் கரும்புள்ளி. இதுவா இந்த ஆட்டம் ஆட்டுகிறது?

மாத்திரை, பயிற்சி. "முக்கியமா பாரம் தூக்காதீங்க. ஒரு வாளித் தண்ணிகூட வேண்டாம்."

நான் தூக்கும் பாரம் சட்டை போட்டுக்கொண்டு, மீசை வைத்துக்கொண்டு, தினமும் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறது என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் பாதிதான் சொன்னேன்: மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"எந்தக் கால்?" என்றார்.

"வலது."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "பரவால்ல. நமக்கு ரெண்டு பேருக்கும் சேத்து நல்ல கால் ரெண்டு இருக்கு. ரெண்டுமே இடது."

ஏப்ரல் 2, வியாழன்

விழுந்துவிட்டோம்.

குளியலறையில். ஸ்டூலிலிருந்து அவரை எழுப்பித் திரும்புகிற நேரம். வலியால் விழவில்லை. வலியாக இருந்திருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். கால் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஊன்றிய இடத்தில் கால் இல்லை. அவர் எடை முழுவதும் என் மேல் வந்தது. எப்படியோ சுவரோரமாகச் சரிந்தோம். அவர் தலை மோதாமல் என் கையைக் கீழே கொடுத்தேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கை வீங்கியிருக்கிறது. தலை தப்பியது.

ஈரத் தரை. மேலே அவர்.

"கிரேன் கவுந்துடுச்சு" என்றார்.

சிரித்தேன். சிரித்தால் கம்பி இழுக்கிறது, இழுத்தால் அழுகை வருகிறது, அழுதால் இன்னும் இழுக்கிறது. அவரும் சிரித்தார். பிறகு நிறுத்தினார். எழ முடியாது என்று இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. போன் கூடத்தில்.

எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவர் கூப்பிடவில்லை. துறைமுகத்தில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்த மனுஷர், வாயைத் திறக்கவில்லை. இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யவே இடது கையால் முயன்றுகொண்டிருந்தார். பேக்கரிக்காரரும் மனைவியும் வந்தார்கள். நல்ல மனுஷர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தூக்கினார். கையெல்லாம் மாவு. என் வீட்டுக்காரர் முதுகில் மாவுக் கை பதிந்திருந்தது. நான்தான் துடைத்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நேத்து நடந்தது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அவருக்கு ஏதாவது ஆயிருந்தா? இடுப்பு எலும்பு உடைஞ்சிருந்தா? யாருக்காக இந்த வீம்பு — அவருக்காகவா, எனக்காகவா? கேட்டாச்சு. பதில் தெரியல. தெரியும். எழுத மனசு வரல.

மகளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அவருக்குப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்டுக்கு நாங்கள் வைத்த பெயர் பத்தெண்ணி. எதற்கெடுத்தாலும் "பத்து எண்ணுங்க" என்பான். கையைத் தூக்கு, பத்து எண்ணு. மூச்சை விடு, பத்து எண்ணு. எண்ணுவதற்குள் அவன் போனைப் பார்த்துவிடுவான். ஆனால் கெட்டிக்காரன், பொறுமைசாலி.

என் வீங்கிய கையைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டான். பிறகு ஒரு மெஷினைப் பற்றிச் சொன்னான். போனில் படமும் காட்டினான். சக்கரம் வைத்த இரும்புக் கால்கள், மேலே நீட்டிய கை, அதன் நுனியில் கொக்கி. ஆளைத் துணித்தொட்டிலில் உட்கார வைத்து, தொட்டிலைக் கொக்கியில் மாட்டி, பட்டனை அழுத்தினால் தூக்கும். வாடகைக்குக் கிடைக்குமாம்.

அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கொக்கியில சரக்குதான்யா தொங்கும். நான் இத்தனை வருஷத்துல மனுஷனைத் தொங்க விட்டதே இல்ல. நான் என்ன சரக்கா?"

"இல்ல சார், சேஃப்டிக்குத்தான் —"

"மாட்டுத் தொழுவத்துல வேணா வச்சுக்க."

பத்தெண்ணி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைத் துடைக்கப் போனேன். உள்ளுக்குள் எனக்கு சந்தோஷம்தான். இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவரைத் தூக்கும் முன் ஒரு மாத்திரை, தூக்கிய பின் ஒரு பொய்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பல் டாக்டர் அம்மா ஓட்டினாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தெரு. மதில் மேலிருந்து ஒரு பந்து விழுந்து வண்டிக்கு முன்னால் உருண்டது. பந்து வந்தால் பின்னால் பிள்ளை வரும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பேன். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உறைந்துபோனாள். நான் பிரேக்கை அழுத்தினேன்.

அழுத்தினேன் என்று நினைத்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். என் பாதம் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிரேக் எது தரை எது என்று தெரியவில்லை. கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நின்றது. ஓரமாக நின்றிருந்த வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

பிள்ளை யாரும் வரவில்லை. பந்து சாக்கடையில் விழுந்தது.

"சூப்பர், மேடம், நீங்க இல்லன்னா..." என்றாள் அந்த அம்மா. பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

ஓனருக்குப் போன் செய்து அங்கேயே வரச் சொன்னேன். ஸ்கூட்டரில் பறந்து வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையேக்கா?"

"ஆகலை. அதனாலதான் சாவியை இன்னைக்கே தர்றேன். என் கால் இப்ப பிரேக் கால் இல்ல."

"ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்."

"சரியானா நானே வந்து கேக்கறேன். அதுவரைக்கும் என் பக்கத்துல யாரையும் உக்கார வைக்காதீங்க."

இத்தனை வருஷத்தில் என் கையில் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. கீறல் விழும்முன் இறங்கிவிட்டேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை, நானே இறங்கினேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நொண்டிக்கொண்டே நடந்தேன், ஆனால் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஏப்ரல் 18, சனி

நேற்றே அவரிடம் சொல்லவில்லை. இன்று காபி கொடுக்கும்போது சொன்னேன். பாதம் தரையை மிதித்தது, ஹேண்ட் பிரேக், சாவி, எல்லாம். டாக்டர் சொன்ன மீதிப் பாதியையும் சேர்த்து.

அவர் காபியைக் குடிக்காமல் வைத்திருந்தார். "சாவியை அவர் கேட்டாரா, நீயே குடுத்தியா?"

"நானே குடுத்தேன்."

"ம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காபி முழுவதையும் குடித்து முடித்தபின், "அந்தப் பத்தெண்ணிக்குப் போன் போடு. அந்த மெஷினைக் கொண்டுவரச் சொல்லு" என்றார்.

"எனக்காக நீங்க ஒண்ணும் —"

"உனக்காக யாரு சொன்னா? உனக்கு அந்த வண்டின்னா உசுரு. அதையே எறங்கிக் குடுத்துட்டு வந்திருக்கே. நான் என் வீம்பக் குடுக்க மாட்டேனா? அவ்வளவு மட்டமான ஆளா நான்?"

அவர் மட்டமான ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று மறுபடி ஒரு தடவை தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் வேறு ஒருவர். இளவயது. குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். வலது பாதம் தொங்கியது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். மனதுக்குள் தூக்கினேன். விரல் அப்படியே கிடந்தது, கூப்பிட்டால் திரும்பாத பூனை மாதிரி.

"இதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாதும்மா. நரம்பு இப்படியே நசுங்கிக்கிட்டிருந்தா, போன பலம் திரும்பாமலே போயிடலாம்." அடுத்த வாரம் ஆபரேஷன். அப்புறம் சில வாரங்களுக்குக் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. "வீட்டுல உங்களைப் பாத்துக்க யார் இருக்காங்க?"

"என் வீட்டுக்காரர் இருக்கார்" என்றேன்.

"அப்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தேன். விழுந்ததையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். அவள் திட்டவில்லை. பிறகு, மெதுவாக: "அந்த இல்லத்துல அப்பாவுக்கு ஒரு இடம் கேட்டு வைக்கறேன்மா. நீ நடமாடற வரைக்கும் மட்டும்."

முதல் தடவையாக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மெஷின் வந்தது. பத்தெண்ணியும் இன்னொரு ஆளும் வேனிலிருந்து இறக்கி, கூடத்தைத் தாண்டித் தள்ளி வந்தார்கள். நீல இரும்பு. கட்டிலுக்கு அடியில் கால்களை நீட்டிக்கொண்டு, கொக்கியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு நின்றது. அவர் படுத்தபடியே அதை மேலும் கீழும் அளந்தார். மாப்பிள்ளை பார்க்க வந்த மாமனார் பார்வை.

பத்தெண்ணி எனக்குத்தான் சொல்லிக் கொடுத்தான். தொட்டில் துணியை எப்படி அடியில் விடுவது, எந்த வளையத்தை எந்த முனையில் மாட்டுவது. அவரைப் பக்கவாட்டில் புரட்ட மட்டும் அவனே கை கொடுத்தான். ரிமோட் ஒரு சுருள் வயரில் தொங்கியது. மேல் அம்பு, கீழ் அம்பு. அதை என் கையில் கொடுத்தான்.

"அதை இங்க குடு" என்றார் அவர்.

"சார், முதல் தடவை அவங்க —"

"கொக்கிக்குக் கீழ நிக்கறவன் பேச்சைக் கேட்டுத்தான் நாற்பது வருஷம் வண்டி ஓட்டினேன். இப்ப நானே கீழ இருக்கேன். குடு."

பத்தெண்ணி யோசித்தான். தலையாட்டினான். நான் ரிமோட்டை அவர் இடது கையில் வைத்தேன்.

முதலில் கொஞ்சம்தான் ஏற்றினார். துணி இழுபட்டது. நிறுத்தினார். தோள் பக்கம் பார்த்தார், கால் பக்கம் பார்த்தார். "இடது வளையம் மடிஞ்சிருக்கு" என்றார், நான் சரிசெய்தேன். மறுபடி ஏற்றினார். மெத்தையை விட்டு உடம்பு பிரிந்தது. தொட்டில் லேசாக ஆடியது. பத்தெண்ணி பிடிக்கப் போனான்.

"விடு. தானா நிக்கும். ஆடற சரக்கை நகத்தக் கூடாது."

நின்றது. "இப்பத் தள்ளு" என்றார் என்னைப் பார்த்து. ஒரு விரலால் தள்ளினால் போதும்போல் இருந்தது. அவ்வளவு கனமும் காற்றில் இருந்தது. சக்கர நாற்காலிக்கு மேலே கொண்டுவந்தேன். "கொஞ்சம் பின்னால. இன்னும் ஒரு இழை. நில்லு." இறக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தது என் காதுக்கே கேட்கவில்லை.

நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. துறைமுகத்துக்குள் எங்களை விட மாட்டார்கள். அவர் கேபின் எங்கேயோ வானத்தில் இருக்கும். சாப்பாட்டுப் பாத்திரம் காலையில் போகும், சாயங்காலம் காலியாக வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த துறைமுகம். இன்றுதான் பார்த்தேன். புருவம் இறங்கி, உதடு ஒரு பக்கம் மடிந்து, கண் கொக்கியிலும் இறங்கும் இடத்திலும் மாறி மாறிப் போய் வந்தது. அது நோயாளி முகம் இல்லை. இவ்வளவு காலம் இந்த முகத்தைத்தான் வாசல்வரை வழியனுப்பியிருக்கிறேனா?

"என்ன அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணும் இல்ல. வேலை சுத்தமா இருக்கு."

"மெஷின் பரவால்ல" என்றார். "கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கு. ஆனா பரவால்ல."

சாயங்காலம் மகளுக்கு அவரே போன் செய்தார். "நான் எங்கயும் போகல. நீ லீவு போட்டுட்டு வா. உனக்கு வேலை கத்துக் குடுக்கறேன்."

ஏப்ரல் 28, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். மகள் வந்துவிட்டாள். அவளைத் தள்ளச் சொல்லி, மெஷினில் அவர் ஏறி இறங்கிப் பார்த்தார். நான் அறை வாசலில் நின்றேன். கை தானாக முன்னால் போனது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாளைய ஆபரேஷன்கூட இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

மே 1, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது.

மயக்கம் தெளிந்ததும் முதலில் காலைத் தேடினேன். கம்பி இல்லை. காயம் வலிக்கிறது, முதுகு முழுக்க மரக்கட்டை. ஆனால் அந்தக் கம்பியை யாரோ உருவிவிட்டார்கள். அடுத்த நாளே நர்ஸ் நடக்க வைத்தாள். கட்டைவிரல் இன்னும் எழவில்லை. பாதம் கொஞ்சம் எழுகிறது.

மகள் போனில்: "அம்மா, உன் புருஷன் என்னைக் கத்தியே கொல்றாரு. 'இழை'ன்னா எவ்வளவும்மா? ஒரு இழை பின்னாலங்கறார், அரை இழைங்கறார்."

பின்னாலிருந்து அவர் குரல்: "அம்மாகிட்ட கேளு, அவ கரெக்டா தள்ளுவா."

பக்கத்துக் கட்டில்காரி என்ன சிரிப்பு என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் மறுபடி வேலையில் சேர்ந்திருக்கிறார் என்றேன்.

மே 6, புதன்

வீடு.

மே 18, திங்கள்

குனியக் கூடாது என்றால் உலகத்தில் எல்லாமே கீழேதான் விழுகிறது. ஸ்பூன், சீப்பு, மாத்திரை அட்டை. நான் நின்றுகொண்டு அதைப் பார்ப்பேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, இடது கையைத் தொங்கவிட்டு எடுத்துக் கொடுப்பார். உட்கார்ந்திருப்பவருக்குத் தரை பக்கம். நிற்பவளுக்கு மேல் தட்டு பக்கம். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள்.

இன்று காலையில் டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது, எனக்கு ஷூ போட வந்த மகளை, "நீ தள்ளிக்கோ" என்றார். "காலை இங்க வை." என் பாதத்தை அவர் மடியில் வைத்தேன். ஒற்றைக் கையால் சாக்ஸை விரித்து, விரல்களுக்குள் விட்டு, குதிகால்வரை இழுத்தார். ரொம்ப நேரம் ஆனது. ஒரு சுருக்கம் வந்ததற்காகக் கழற்றி மறுபடி போட்டார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இளவயது டாக்டர் கேட்டார்: "வீட்டுல நல்லா பாத்துக்கறாரா?"

"அவர் பாத்துக்கற மாதிரி யாரும் பாத்துக்க முடியாது" என்றேன். இப்போது திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 3, புதன்

மகள் ஊருக்குப் போய்விட்டாள். பகலில் ஒரு உதவிக்கார அம்மா வருகிறாள். அவரைத் தொட்டிலில் வைப்பது அவள், ஏற்றி இறக்குவது அவர், திட்டு வாங்குவது அவள். நான் மேற்பார்வை. அதிலும் யாரும் என்னைக் கேட்பதில்லை.

மகள் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீ சொன்னதுதான் சரிம்மா, அப்பா இங்கேயே இருக்கட்டும்."

"இல்ல. நீ சொன்னதும் சரிதான். எனக்கு ஆள் வேண்டியிருந்துச்சு" என்றேன். வாய்விட்டே சொன்னேன். சொன்னதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆச்சரியம்தான்.

ஜூன் 20, சனி

கட்டைவிரல் முக்கால்வாசி எழுகிறது. மீதி வருமா என்று கேட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். நேர்மையான பதில்.

அங்கிருந்தே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஓனர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். எடுக்கவில்லை. முக்கால் கால் போதாது அந்த வேலைக்கு. "வகுப்பறைப் பாடத்துக்கு ஆள் வேணும்னு சொன்னீங்களே, கிடைச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இருந்தவன் ஓடிட்டான்க்கா. அவன் பேசினா பசங்க தூங்கறாங்க."

"நான் பேசினா தூங்க மாட்டாங்க. ஆனா நின்னுக்கிட்டுத்தான் எடுப்பேன். எனக்கு நாற்காலி ஆகாது."

பல் டாக்டர் அம்மா டெஸ்டில் பாஸாகிவிட்டாளாம். அங்கேயும் ஒரு பந்து வந்ததும் தானே நிறுத்தினாளாம், பின்னால் பிள்ளை வரும் என்று பரிசோதகருக்கே பாடம் எடுத்தாளாம். அதைக் கேட்டபோது ஓனர் முன்னால் மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது. ஜலதோஷம் என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

இன்று நீண்ட தூரம் நடந்தேன். வலித்தது. நடந்தேன்.

ஆகஸ்ட் 8, சனி

பத்தெண்ணி ஒரு தம்பதியை அழைத்து வந்தான். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். வாசல்படியில் நாற்காலியை ஏற்றும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உடன்பிறப்பு மாதிரி தெரிந்தது.

"நானே தூக்கிடுவேங்க" என்று முதல் வேலையாக என்னிடம் சொன்னார். "இவ ஒண்ணும் பெரிய கனம் இல்ல. இந்தத் தம்பிதான் ஒரு தடவை வந்து பாருங்கன்னு வற்புறுத்தினான்."

"தெரியுங்க" என்றேன். உள்ளே அனுப்பினேன்.

காபி போடச் சமையலறைக்கு வந்தேன். அறையிலிருந்து எல்லாம் கேட்டது. மெஷின் இழுபடும் சத்தம். அந்த அம்மாவின் குரல், சின்னக் குரல், இன்னும் வார்த்தைகள் சேரவில்லை: "ப...யம்."

எங்கள் வீட்டுக்காரர்: "பயமா இருந்தா பயப்படுங்கம்மா. அதுல தப்பில்ல. ஆனா பட்டன் உங்க கைலயே இருக்கட்டும். நான் முதல்ல போறேன், பாருங்க. அப்புறம் நீங்க."

உதவிக்கார அம்மாவைக் கூப்பிட்டார். வளையத்தைச் சரிபார்க்கச் சொன்னார். கொக்கி ஏறுவது கேட்டது. நின்றது. ஆட்டம் அடங்கும்வரை அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், ஒரு சத்தமும் இல்லை. பிறகு இறங்குவது கேட்டது. டிக்கெட்காரர் தொண்டையைச் செருமினார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி சிரித்தாள். என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் ஏதாவது சொல்லியிருப்பார்.

போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னலோரம் நின்றபடியே, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, நடுவில் எதற்கும் ஓடாமல் என் காபியைச் சூடாகக் குடித்து முடித்தேன். அவர்களுக்குப் புதிதாகப் போட்டேன்.